செல்லம் சொல்லாமல் விட்டது

செல்லத்துக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் ஒரு சிஸ்டர் வாரத்துக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். வேலை முடித்துப் போய் உட்கார்ந்தால் முதலில் தூக்கம் வரும், அப்புறம்தான் எழுத்து வரும். ஒன்றரை வருஷம் பிடித்தது. கடைசியில் காலண்டர், மளிகைப் பொட்டலம், கோயில் நோட்டீஸ், போனில் வருகிற சேதி எல்லாம் படிக்க வந்துவிட்டது. ஆனால் வேகம் மட்டும் வரவே இல்லை. ஒரு வரியின் வாலுக்குப் போவதற்குள் தலை மறந்துவிடும். மறுபடி தலைக்குப் போய்த் தொடங்கவேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. செல்லத்துக்குப் படிக்கத் தெரியும் என்று நாலு பேர் சொல்கிற அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது.

போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் கிளமெண்ட் நடத்துகிற ஆறு அறை லாட்ஜில் அவளுக்குப் பதினொரு வருஷ வேலை. கூட்டுவது, துடைப்பது, படுக்கைவிரிப்பு துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவது, காலையில் விருந்தாளிகளுக்கு இட்லி ஊற்றுவது. பிளீச்சிங் பவுடரில் கிடந்து விரல் நுனியில் ரேகை அழிந்துவிட்டது. ஆதார் மெஷின் அவள் விரலை ஒத்துக்கொள்ளாமல் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது. முழங்கால் படியேறும்போது ஒரு சத்தம் போடும், இறங்கும்போது இன்னொரு சத்தம் போடும்.

கிளமெண்டின் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வள்ளம் கட்டும் வேலைக்கு வந்தவர். மகன் கடலை விட்டு மேட்டில் ஏறி லாட்ஜ் வைத்தான். நல்ல பையன். அதட்டிப் பேசமாட்டான். அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் ஆட்டோக்காரர் ஆளைக் கூட்டிவருவார். வந்தவர் ஊருக்குப் போய் இன்னொருவரிடம் சொல்வார். இப்போது அக்கரை மெயின்லேண்டில் பெட்டி கட்டுவதற்கு முன்பே போனில் தேடி அறையைப் பிடித்துவிடுகிறார்கள். தேடினால் முதல் பக்கத்தில் வருகிற பத்து லாட்ஜ்தான் இந்த ஊரில் இருக்கிற லாட்ஜ். கிளமெண்டின் லாட்ஜ் ஏழாம் பக்கத்தில் கிடந்தது. ஏழாம் பக்கம் வரைக்கும் யாருடைய விரலும் போகாது.

இதற்கு வழி சொல்ல சென்னையிலிருந்து குணா என்று ஒருவர் போனில் கிடைத்தார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு மெஷினைக் கைகாட்டினார். மெஷின் என்றால் இரும்பு இல்லை, போனுக்குள்ளேயே இருப்பது. தலைப்பு கொடுத்தால் போதும், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும். நாளுக்கு இரண்டு போடுங்கள், தேடுகிறவர்கள் கண்ணில் படுவீர்கள் என்றார். கிளமெண்டும் போட்டான். போர்ட் பிளேரில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள். அந்தமானில் தேனிலவு. சாப்பிட்டே ஆகவேண்டிய ஏழு மீன்கள். அவன் போகாத தீவெல்லாம் அவன் பெயரில் அழகாக வந்தது. மூன்று மாதம் போட்டதில் லாட்ஜ் ஏழாம் பக்கத்திலிருந்து ஆறுக்கு ஏறி, பிறகு ஒன்பதுக்கு இறங்கிவிட்டது.

குணாவிடம் கேட்டதற்கு, எல்லோரும் அதே மெஷினை வைத்து அதே பத்து இடத்தை எழுதினால் எப்படி ஏறும் என்றார். உண்மையான ஆள் வேண்டும், அனுபவம் வேண்டும், பெயரும் ஊரும் முகமும் வேண்டும், உங்களிடம் அப்படி யாரும் இல்லையா என்றார். போனைக் காதில் வைத்திருந்த கிளமெண்ட், செல்லம் நாற்காலிக்கு அடியில் துடைப்பதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குனிந்து அவளைப் பார்த்தான்.

"யக்கா, சுனாமியப்ப நீங்க கட்சால்ல இருந்தவங்கதானே?" என்றான்.

பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே செல்லம் சொன்னாள். கிளமெண்ட் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு பண்ணினான். இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை என்பதால் பேச்சு நன்றாகவே வந்தது. சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து தெற்கே கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இறக்கியபோது அவளுக்குப் பல் விழுகிற வயது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு. பத்தொன்பதில் கல்யாணம். அவரும் ரப்பர் பால்வெட்டுதான். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் ஒரே நிரையில் போவார்கள். இவள் வாளியையும் அவரே சேர்த்துத் தூக்குவார். பிள்ளை தங்கவில்லை. புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். கிளமெண்டே லாட்ஜில் இருந்த அவளுடைய பழைய ரேஷன் அட்டை நகலைப் பார்த்து, சுரேந்திரன் என்று எழுதிக்கொண்டான்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம தம்பி. பால்வெட்டு இல்ல. விடிஞ்சதும் நெலம் ஆடுச்சு. கடல் பின்னால போகுது, ஓடுங்கன்னு யாரோ சத்தம் போட்டாங்க. எல்லாரும் மேட்டுக்கு ஓடுனோம். அவரும் எங்கூடத்தான் வந்தாரு. பாதி மேட்டுல நின்னு..."

அதோடு நிறுத்தினாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

கிளமெண்ட் பின்னாலேயே போய்க் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவன் மனுஷன். பதிவை அப்படியே மெஷினுக்குக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் போனை நீட்டினான். "தமிழ்லயும் போடுதோம், இங்கிலீஷ்லயும் போடுதோம்கா. ஒங்க பேரு, ஒங்க போட்டோ. நீங்க படிச்சுட்டு சரின்னு சொன்னாத்தான் ஏத்துவேன்" என்றான். அவன் மனைவி ஷெர்லினும் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, நிதானமாகப் படியுங்கள் அக்கா என்றாள்.

செல்லம் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, படியில் உட்கார்ந்தாள். மேலே அவள் படம். நீலச் சேலை, செம்பருத்திச் செடி. அதற்குக் கீழே எழுத்து. ‘அதிகாலைச் சூரியனின் பொற்கதிர்கள் ரப்பர் இலைகளில் நடனமாடும் வேளையில் செல்லத்தின் நாள் தொடங்கும்.’ இதை முடிக்கவே அவளுக்கு நெடுநேரம் ஆனது. முடித்ததும் சிரிப்பு வந்தது. சூரியன் வந்த பிறகு எவள் பால் வெட்டுவாள், இருட்டோடு போகவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது என்று கிளமெண்டிடம் சொன்னாள். அவன் உடனே திருத்தினான். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் பேச்சுக்கு எழுத்து மாறுகிறது.

இரண்டாவது பத்தி லயத்து வீட்டைப் பற்றி. அதைப் படித்து முடித்தபோது அரை மணி போயிருந்தது. நாலாம் நம்பர் அறை காலியாகி, பதினோரு மணிக்குப் புதுக் குடும்பம் வருகிறது. வாளியில் விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தை விரலால் தள்ளிப்பார்த்தாள். எழுத்து வந்துகொண்டே இருந்தது, தீவு ரோடு மாதிரி, வளைவுக்கு அப்புறம் இன்னொரு வளைவு. மிச்சமும் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள். கடைசிவரைக்கும் தள்ளிவிட்டு, கிளமெண்ட் இன்னொரு போனில் பேசி முடித்துத் திரும்பும் வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முழுசும் படிச்சிட்டீங்களாக்கா?"

"படிச்சேன் தம்பி. எல்லாம் சரியாத்தான் இருக்கு. போடுங்க."

போட்டான். பத்து நாளில் ஆறாம் பக்கம். மாதம் திரும்புவதற்குள் இரண்டாம் பக்கம். அதற்குப் பிறகு ஒருநாள் கிளமெண்ட் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிவந்து, முதல் பக்கத்தில் முதலாவதாக நிற்கிறோம் என்றான். ஷெர்லின் கேசரி கிண்டினாள். சீசன் தொடங்குவதற்கு முன்பே அறைகள் நிறைந்தன. வருகிறவர்கள் செல்லத்தைத் தேடினார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்கள் இருவரையும் சேர்த்து ஒரு தடவை கும்பிட வேண்டும் என்று கண் கலங்கினார். எதற்குக் கலங்குகிறார் என்று செல்லத்துக்குப் புரியவில்லை. தன்னையும் கிளமெண்டையும்தான் சொல்கிறார் என்று நினைத்து, தம்பி ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள்.

இந்த இடத்தில் ரெங்கம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரெங்கம்மா, சுரேந்திரனின் அக்கா. சிலோனிலிருந்து கப்பலில் வரும்போதே தாய் காய்ச்சலில் போய்விட, தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் வாக்கப்பட்டு, எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் பழம் சுமந்து, தோட்டத்தை மூடிய பிறகு தேங்காய் உரிக்கப் போய்க்கொண்டிருப்பவள். எழுத்து தெரியாது. சுனாமியில் போன தம்பியின் உடல் கிடைக்கவில்லை என்பதால் அவன் செத்தான் என்பதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உடல் கிடைக்காத வீடுகளில் எல்லாம் மூத்தவர்கள் சம்மதித்தால்தான் படத்துக்கு மாலை போடுவார்கள். ரெங்கம்மா சம்மதிக்கவில்லை. செல்லம் இறப்புச் சான்றிதழுக்குக் கைநாட்டு வைத்தபோது மூன்று வருஷம் பேசாமல் இருந்தாள். பிறகு பேசினாள், ஆனால் அவள் வீட்டில் படம் வெறுமனேதான் தொங்கியது, பொட்டு இல்லை, மாலை இல்லை, யாரோ வேலைக்குப் போயிருக்கிறவன் படம் மாதிரி. இருபது வருஷம். போன டிசம்பரில்தான் அவளாகவே போன் செய்து, மாலை போட்டுட்டேன் புள்ள, என்றாள். செல்லத்துக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்பாடா என்றுகூட நினைத்தாள்.

அந்த ரெங்கம்மாதான் ஒரு செவ்வாய்க்கிழமை, செல்லம் மாடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"செல்லம். எந்தம்பி எங்க?"

"என்ன மதினி?"

"பக்கத்து வீட்டு சோபியா படிச்சுச் சொன்னா. ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுத்துல போட்டிருக்கு. ஒம் பேரு, ஒம் மூஞ்சி. மூணாம் நாளு தென்ன மரத்துலேர்ந்து உசுரோட எறக்குனாங்கன்னு போட்டிருக்கு."

செல்லம் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். அப்படி இல்லை மதினி, அது என்னவோ தப்பு என்று தொடங்கினாள். ரெங்கம்மா கேட்கிற நிலையில் இல்லை.

"வேற யாரையாச்சும் கட்டிக்கிட்டானா? சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஏங்கிட்ட வர வெக்கப்பட்டானா? உசுரோட இருந்தாப் போதும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாலையக் கழட்டிட்டேன். கப்பல் டிக்கெட்டும் எடுத்தாச்சு. நாளான்னைக்கு வாரேன்."

போன் வைக்கப்பட்டது. விரிப்பு காற்றில் அடித்துச் செல்லத்தின் முகத்தில் மோதியது.

அவளிடம் இருந்த போனில் அந்தப் பக்கத்தை எடுத்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்தாள். கீழே யாரோ டவல் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. வேலை நேரத்தில் கூப்பிட்டும் போகாமல் இருந்தது பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஒன்பதாவது பத்தியில் அது இருந்தது.

‘மூன்று நாட்கள் தென்னை மரத்தைப் பற்றிக்கொண்டு, இளநீரை மட்டுமே அருந்தி உயிர் தாங்கிய சுரேந்திரனை மீட்புக் குழுவினர் கண்டெடுத்தபோது, செல்லத்தின் கண்ணீர் மகிழ்ச்சிக் கடலானது. இன்றும் இருவரும் கைகோத்துக் கடலைப் பார்க்கிறார்கள். பயத்தோடு அல்ல, நன்றியோடு.’

எழுத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அவர் மரத்திலிருந்து இறங்கிவந்தார். எழுத்து அவ்வளவு அழுத்தமாக இருந்தது. மூன்றாவது தடவை அவளுக்கே, ஒருவேளை அப்படித்தானோ, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லையோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடிக்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. சோபியா இரண்டு தடவை படிக்கக் கேட்ட மதினிக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரிந்துபோனது.

கீழே இறங்கிக் கிளமெண்டிடம் காட்டினாள். அவன் படித்தான். படிக்கப் படிக்க முகம் இறுகியது. அவனும் இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது. நாளுக்கு இரண்டு போடுகிறவன் எதைப் படிப்பான்.

"மெஷினே சேத்திருக்குக்கா. முடிவு நல்லதா, நம்பிக்கையா இருக்கணும்னு மட்டுந்தான் நான் சொன்னேன். குணா அப்படித்தான் போடச் சொன்னாரு, படிக்கவங்க கடைசிவரைக்கும் இருப்பாங்கன்னு." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க படிச்சு சரின்னீங்களேக்கா" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே கேட்டான்.

செல்லம் தன் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா என்று குணாவைக் கேட்டான். முதலாவதாக நிற்கிற பக்கத்தில் கை வைக்காதீர்கள், சீசன் முடியட்டும் என்று குணா சொல்வது வெளியே கேட்டது. கிளமெண்ட் போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஷெர்லின் மாவுக் கையோடு வந்தாள். நீ எடுக்கிறாயா, நான் எடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். கிளமெண்ட் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டான்.

பிறகு சரிபார்ப்பதற்காக, தேடுகிற இடத்தில் செல்லத்தின் பெயரையும் கட்சாலையும் போட்டான். லாட்ஜ் பக்கம் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டியில், யாரோ கேள்வி கேட்ட மாதிரியும் அதற்குப் பதில் சொல்கிற மாதிரியும் நாலு வரி நின்றது: சுரேந்திரன் மூன்றாம் நாள் மீட்கப்பட்டார். அதற்குக் கீழே, கிளமெண்ட் கேள்விப்படாத நாலு சுற்றுலா கம்பெனிகள் கட்சால் அதிசயத் தம்பதி என்று அவரவர் பாணியில் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றில் அவர் மரத்தில் ஐந்து நாள் இருந்தார். இவன் மெஷின் எழுதியதை அவர்கள் மெஷின் படித்துவிட்டது.

"இது எப்ப தம்பி போகும்?"

"தெரியலக்கா" என்றான்.

ரெங்கம்மாவின் கப்பல் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. ஜெட்டி கேட்டுக்கு வெளியே செல்லம் நின்றாள். அறுபத்தெட்டு வயதுக்காரி, கூட்டத்தில் இடிபட்டு, ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். செல்லத்தைப் பார்த்தும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் பார்த்தாள்.

"வரலியா?" என்றாள்.

"லாட்ஜுக்குப் போயிப் பேசுவோம் மதினி."

லாட்ஜ் பின்கட்டுப் படியில் உட்கார்ந்ததும் ரெங்கம்மா பையைத் திறந்தாள். புது லுங்கி, ஒரு வெள்ளைச் சட்டை, செய்தித்தாளில் சுற்றிய சீலாக் கருவாடு. சட்டை அளவு அவளுக்குத் தெரியவில்லை, இருபது வருஷத்தில் உடம்பு போட்டிருப்பான் என்று பெரிதாகவே எடுத்திருந்தாள். ஷெர்லின் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை கட்டியது.

செல்லம் சொன்னாள். மெஷினைப் பற்றியும், தேடுகிற பக்கத்தைப் பற்றியும், நல்ல முடிவு வேண்டும் என்று கேட்டதைப் பற்றியும் தனக்குப் புரிந்தவரை சொன்னாள். ரெங்கம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"மெஷினுக்கு எந்தம்பி பேரு எப்படித் தெரியும்?"

"நாங்க குடுத்ததுதான் மதினி."

"தென்ன மரம்?"

"அது நான் சொல்லல."

"நீ சொல்லாதத அது ஏன் எழுதுது? அதுக்கு எவனோ சொல்லித்தானே தெரியும். வாய்ப்பேச்சுன்னா நான் நம்ப மாட்டேன் புள்ள. எழுத்துல இருக்கு. நீதான் படிச்சவளாச்சே, போடுறதுக்கு முன்னால படிச்சுப் பாக்கலியா?"

செல்லம் ஒரு நெத்திலிச் செதிளைப் படியிலிருந்து நகத்தால் சுரண்டினாள். "படிக்கல மதினி. ரெண்டு பத்தி படிச்சேன். எனக்குப் படிக்க வரும், ஆனா ஒரு பக்கம் படிக்க ஒரு பொழுது ஆகும். சொல்ல வெக்கமா இருந்துச்சு. படிச்சேன்னு சொல்லிட்டேன்."

சமையலறை வாசலில் நின்ற ஷெர்லின் சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

ரெங்கம்மா அதையும் தள்ளிவிட்டாள். அவள் மனசு ஒரே இடத்தில் நின்றது. "சரி, நீ எதுவரைக்கும் சொன்ன?"

"பாதி மேடு வரைக்கும்."

"ஏன் நிறுத்துன?"

செல்லம் டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினாள்.

"செத்தத நீ பாக்கல. இருவது வருசமா அதத்தானே சொல்ற, பாக்கல பாக்கலன்னு. பாக்காதவ எப்படிச் செத்தான்னு சொல்லுவ? அதான் நிறுத்திருக்க. அதுக்கு மேல ஒனக்கே தெரியாது. தெரியாத எடத்துல எந்தம்பி இருக்கலாம்ல?"

இதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் மதினி தனக்கு மதினியாக இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவர் அந்தத் தென்னை மரத்திலேயே இருப்பார், இவளும் இந்தப் பெரிய சட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலுக்கும் வந்து நிற்பாள். இருபது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த கை ஒருநாள் தானாகவே விட்டுவிடுமே, அப்படி விட்டது.

"பாத்தேன் மதினி."

ரெங்கம்மா நிமிர்ந்தாள்.

"பாதி மேட்டுல எனக்கு பேப்பர் பொட்டி ஞாபகம் வந்துச்சு. சிலோன்லேர்ந்து கொண்டாந்த தகரப் பொட்டி. அவரு வேணாம்னாரு. உசுரு இருந்தா பேப்பரு வாங்கிக்கலாம்னாரு. நான்தான் வையத் தொடங்கிட்டேன். பேப்பரு இல்லேன்னா நம்மள யாரு மனுசன்னு ஒத்துக்குவா, அந்தக் கரையிலயும் வெரட்டினான், இங்கயும் வெரட்டுவான்னு கத்துனேன். சரி இருன்னுட்டு எறங்குனாரு." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "லயத்துலேர்ந்து வெளிய வந்தாரு. பொட்டி தலையில. ஒரு கையால புடிச்சுக்கிட்டு இன்னொரு கைய எனக்குக் காட்டுனாரு, எடுத்தாச்சுன்னு. அப்ப அவருக்குப் பின்னால தண்ணி வந்துச்சு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. நான் மேல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். லயமே இல்ல. பொட்டி கொஞ்ச நேரம் மெதந்துச்சு. அவரு இல்ல."

மேலே ஏதோ ஓர் அறையில் கதவு அடைபட்டது. யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

"தலையிலயா வச்சிருந்தான்?" என்றாள் ரெங்கம்மா.

"ஆமா மதினி."

"எதைக் குடுத்தாலும் தலையிலதான் வைப்பான்" என்றாள். "சின்னதுலேர்ந்தே."

எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். தண்ணீர் வீணாகிறதே என்று செல்லத்துக்குப் பழக்கதோஷத்தில் தோன்றியது. எழுந்துபோய் மூடவில்லை.

அன்று ரெங்கம்மா தட்டில் வைத்ததில் பாதியைச் சாப்பிட்டாள். திரும்பிப் போகிற கப்பல் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை காலையில் செல்லம் மாடியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது ரெங்கம்மா ஏறிவந்து மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நின்று, விலகி, உதறி, நெருங்கி, ஒன்பது விரிப்பை மடித்தார்கள். மதினி திட்டுவாள் என்று ஒவ்வொரு விரிப்புக்கும் செல்லம் காத்திருந்தாள். கடைசி விரிப்பில் ரெங்கம்மா அவள் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அனுப்புனவ நீ. அதை மறக்கமாட்டேன், மறப்பேன்னு நெனச்சுக்காத." விரிப்பை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் தேய்த்தாள். "மாலையக் கழட்டுனவ நானு. திரும்பப் போடணும். ஒத்தையாப் போட என்னால ஆவாது. நீ வா."

செல்லம் கீழே போய் லீவு கேட்டாள். சனிக்கிழமை இரண்டு குடும்பம் வருகிறது, இரண்டுமே இவளைப் பார்க்கவேண்டும் என்றே அறை எடுத்தவர்கள். கிளமெண்ட் அதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, போய்ட்டு வாங்கக்கா என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, அந்தப் பக்கம் வெறுமனே கிடக்கிறது, அந்த இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டான். உண்மையைப் போடலாமா என்றுதான் அவன் கேட்கிறான், கேட்கக் கூசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"டிபன் எத்தன மணிக்குன்னு போடுங்க தம்பி. வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

சனிக்கிழமை விடிந்ததும் கப்பல். முதல் நாளே பஜாரில் ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். ஹட் பே போவதற்குள் வாடாமல் இருக்கவேண்டுமே. லுங்கியும் சட்டையும் பையிலேயே இருந்தன. கருவாட்டை ஷெர்லினிடம் கொடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் இரண்டு பலகை கிடைத்தது. என்ஜின் சத்தம், டீசல் வாடை, எதிரே ஒரு பெங்காலிக் குடும்பம் பூரிப் பொட்டலத்தைப் பிரித்தது. ரெங்கம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு, நசுங்கின பூக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு வந்தாள். துறைமுகம் தாண்டிக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பொட்டியில என்னென்ன பேப்பரு இருந்துச்சு?"

செல்லம் யோசித்தாள். தகரம் துருப்பிடித்த மூலை, உள்ளே மஞ்சள் நிறத்தில் மடிப்பு மடிப்பாக, ஒன்றில் முத்திரை, ஒன்றில் மாமனார் படம்.

"தெரியல மதினி" என்றாள். "அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது."